இருளம்மாள் போட்ட தனி அடுப்பு

இருளம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு வியர்க்கும், பிறகுதான் வாய் திறக்கும். அன்று காலை வேதமணி வாத்தியார் அவள் வீட்டு வேலியோரம் குனிந்து நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இது அடுப்பு இல்லையேம்மா, வெறும் தீல்லா?" என்று சொன்னபோது அவள் மூக்கு நுனியில் முத்து முத்தாக வியர்த்துவிட்டது.

அவர் காட்டிய இடத்தில் அவள் மூன்று கற்களைக் கூட்டி வைத்திருந்தாள். கற்களின் மேல் பானை. பானைக்குள் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"கொதிக்குதா இல்லையா?" என்று கேட்டாள் இருளம்மாள்.

"கொதிக்குது."

"ரெண்டு வருசமா இதுலதான் பொங்குதேன். நானும் எம்பிள்ளையும் இதுல வெந்ததத்தான் திங்கோம்."

"திங்கலாம். ஆனா மூணு கல்லைக் கூட்டி மூட்டுனது அடுப்புக் கணக்குல வராதுன்னு உத்தரவுல போட்டிருக்கு. நான் என்ன செய்ய?" என்று வாத்தியார் ரிஜிஸ்தரை மூடினார்.

அடுப்பைப் பற்றி வாத்தியாருக்கு என்ன தெரியும்? அவர் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது என்று அவர் மனைவி அன்னாள் கிணற்றடியில் பல தடவை சொல்லிச் சடைத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட மனிதர் வந்து இருளம்மாளுக்கு அடுப்புப் பாடம் நடத்திவிட்டுப் போகிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் அது. சண்டை முடிந்துவிட்டது என்று தமுக்கடித்துச் சொல்லியாயிற்று. ஆனால் சண்டைக்குப் போன அரிசி மட்டும் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தபாடில்லை. ஆளுக்கு இத்தனை என்று ரேஷன் கடையில் அளந்து போட்டார்கள். அதை வாங்கக் குடும்பத்துக்கு ஒரு கார்டு. குடும்பம் என்றால் எது என்ற கேள்வி வந்தது. ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று குடித்தனமாக இருப்பார்கள், இன்னொருவன் நாலு வீட்டைக் கட்டிப்போட்டு எல்லோருக்கும் ஒரே பானையில் பொங்குவான். யோசித்துப் பார்த்த அரசாங்கம், சுவரை எண்ணாதே, அடுப்பை எண்ணு, எத்தனை அடுப்போ அத்தனை கார்டு என்று சொல்லி, எண்ணுகிற வேலையைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் தலையில் கட்டிவிட்டது. இது வரைக்கும் நல்ல புத்திதான். உடனே நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முற்றத்தில் மூன்று கல், கொல்லையில் மூன்று கல், மாட்டுக் கொட்டடியில் மூன்று கல் என்று வைத்துவிட்டு, வீட்டுக்கு நாலு கார்டு கேட்டார்கள். அதனால் இரண்டாவது உத்தரவு வந்தது. மண்ணால் செய்து, இருந்த இடத்தில் பதித்து, பானை உட்காரக் குமிழ் வைத்து, மேலே கூரையும் போட்டிருந்தால்தான் அடுப்பு. மற்றதெல்லாம் தீ. ஊரான் செய்த திருட்டுக்கு இருளம்மாள் தலையில் கல் விழுந்தது.

இருளம்மாள் சுந்தரபாண்டியத்துக்காரி. அப்பன் அடுத்தவர் வயலில் பாடுபட்டவன். பதினாறு வயதில் ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் இருளப்பசாமி வாயில்லாப் பூச்சி, வேலைக்கு அஞ்சாதவன். சண்டைக் காலத்தில் ரோடு போடுகிற பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, அண்ணன் வேலுசாமிக்குப் பிள்ளைக்குட்டி அதிகம் என்று இவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அஸ்ஸாமா பர்மாவா என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெளிவாகத் தெரியாது. சண்டை முடிந்தும் அவனை விடவில்லை. கடைசிக் கடுதாசி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அவன் போன பிறகு இருளம்மாள் பருத்தி ஜின்னிங் ஆலைக்கு வேலைக்குப் போனாள். காலைச் சங்குக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். தலை, புருவம், மூக்கு எல்லாம் பஞ்சாக வந்து நிற்பாள். அப்போது ஒரே அடுப்புதான். வேலுசாமி பெண்டாட்டி அய்யம்மாள் பொங்குவாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வளர்கிற வயது. இருளம்மாள் வந்து பானையைச் சாய்த்தால் அடியில் நீத்தண்ணீர் கிடக்கும். அவளுக்கு அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. மகள் சுந்தரம்மாளுக்கு அப்போது வயது நான்கு. அந்தப் பிள்ளை ஐந்து பேரோடு முட்டி மோதித் தின்னத் தெரியாமல், மூலையில் வட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் வெறும் வட்டிலை அது நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு இருளம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

மறுநாளே வேலியோரம் மூன்று கல்லைக் கூட்டினாள்.

அய்யம்மாள் கெட்டவள் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் அவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை மேற்கு மலை முதல் மதுரை வரைக்கும் தேடினாலும் பார்க்க முடியாது. கொழுந்தன் தூர தேசத்தில் இருக்கையில் அவன் பெண்டாட்டி தனி அடுப்புப் போட்டால் அந்த ஆள் உசுரோடு வீடு திரும்ப மாட்டான் என்று அவள் நம்பினாள். வெறும் வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினாள். அழுதாள், மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, எங்க கொழுந்தன் உசுரை வாங்கிராதட்டி" என்றாள்.

கடைசியில் அந்த ஆடியில் எல்லோரும் அய்யனார் கோவிலுக்குப் போனபோது, சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. இருளம்மாளுக்கு அதன் பேர் என்னவாக இருந்தால் என்ன, சோறு வெந்தால் போதும். ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"நான் போட்டது அடுப்பு இல்ல. எம்பிள்ளைக்குக் கஞ்சி காச்சுற தீ. சத்தியம்!"

ரெண்டு வருஷம் அந்தச் சத்தியத்தில் காலம் ஓடியது. கார்டு ஒன்றுதான், அதில் ஒன்பது பேர். அய்யம்மாள் கடையில் வாங்கி வந்து, இருளம்மாளுக்கும் பிள்ளைக்கும் உரியதை அளந்து கொடுப்பாள். அளக்கும்போது ஆழாக்கு நிறைந்ததாக ஒரு நாளும் சரித்திரம் கிடையாது. ஒரு கை குறையும். கேட்டால், "இன்னைக்குக் கடையிலயே கொறைச்சுப் போட்டுட்டான்" என்பாள். அந்த ஒரு கைதான் சுந்தரம்மாளின் ராத்திரிச் சோறு. தனிக் கார்டு கிடைத்தால் அந்த ஒரு கையும் தன் வீட்டுக்கே வரும் என்று இருளம்மாள் ஆசைப்பட்டாள். இவ்வளவுதான் அவள் கேட்டது. இந்தியாவுக்குச் சுதந்தரம் கேட்டவர்களிடம்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

வாத்தியார் போன அன்றே, ஆலை விட்டதும் இருளம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். கரம்பை மண்ணை வெட்டி மூன்று நடை சுமந்தாள். நறுக்கின வைக்கோலும் உமியும் போட்டு மிதித்தாள். மறுநாள் அடுப்பைப் பிடிக்க உட்கார்ந்தாள். ஒரு சாண் உயரம், விறகு நுழைய வாய், புகை வெளியே வர இடம், மேலே மூன்று குமிழ். பானையை வைத்து வைத்துப் பார்த்து, ஆடாமல் உட்காரும் வரைக்கும் குமிழைத் தட்டித் தட்டித் திருத்தினாள். வெடித்த இடத்தில் சாணியும் மண்ணும் பூசினாள். நாலு கம்பு நட்டுப் பனையோலை போட்டாள். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று சொந்தமாக எதுவும் இருந்ததில்லை. சேலைகூட அய்யம்மாள் கட்டிக் கழித்ததுதான். வேலை முடிந்ததும் தள்ளி நின்று அந்த அடுப்பைப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாகவும் இருந்தது, மண்ணைப் பார்த்து அழுகிறோமே என்று.

அந்தச் சந்தோஷம் அரை நாழிகை நிற்கவில்லை. அய்யம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னட்டி இது?"

"காத்துக்கு மறைப்பு."

"மறைப்புக்கு எதுக்குட்டி குமிழு?"

"பானை உருண்டுராம இருக்க."

"மேல ஓலை?"

"மழைக்கு."

"இந்த வருசம் எங்கட்டி மழை பெஞ்சது?"

"பெஞ்சா?"

"சூடம் அடிச்சுச் சொன்னது மறந்துபோச்சோ?"

"மறக்கல. தீதான் இது. சுத்திச் செவரு இருக்கு. அம்புட்டுத்தான்."

அய்யம்மாள் நம்பவில்லை. இருளம்மாளே நம்பவில்லை. ஆனால் சொல்லியாக வேண்டுமே. அவள் மனசுக்குள்ளும் ஒரு பயம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அய்யனாருக்கு முன்னால் இல்லை என்று சொன்னதை இப்போது ஆமாம் என்று சொன்னால், எங்கேயோ ரோடு போட்டுக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? ஒரு பக்கம் மகளின் வயிறு, ஒரு பக்கம் புருஷனின் உசுர். இரண்டையும் கொண்டுவந்து ஒரு மண் கட்டியின் மேல் வைத்துவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. குமிழ்களை விரலால் தொட்டு எண்ணினார், மூன்று இருந்தன. ஓலையை அண்ணாந்து பார்த்தார். சுவரை லேசாக ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை.

"அருமை! இதல்லவா அடுப்பு" என்று ரிஜிஸ்தரைத் திறந்தார். "இப்ப நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லணும். 'இது என் தனி அடுப்பு'ன்னு. குடும்பத் தலைவர் வாக்குமூலம்னு ஒரு கட்டம் இருக்கு."

அய்யம்மாள் வாசலில் நின்றாள். பின்னால் வேலுசாமி. வேலிக்கு அந்தப் பக்கம் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் சூடத்துச் சமாசாரம் தெரியும்.

"நீங்களே பாத்தியல்லா, எழுதிக்கிடுங்க" என்றாள் இருளம்மாள்.

"நான் பாத்தா ஆகாதும்மா. நீங்க சொல்லணும்."

"கண்ணு தெரியாதா ஒங்களுக்கு?"

"கண்ணு தெரியுது. கட்டத்தை என்ன செய்ய?"

"சொல்லுட்டி, சொல்லு. நாலு பேரு கேக்கச் சொல்லு" என்றாள் அய்யம்மாள்.

இருளம்மாள் குனிந்து, சரியாகவே நின்ற ஓலைக் கம்பைத் தட்டிச் சரிசெய்தாள். வாத்தியார் பொறுத்துப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கடைசியில் பென்சிலை நாக்கில் தொட்டு, அந்தக் கட்டத்தில் 'தகராறு' என்று எழுதினார். தகராறு என்று எழுதினால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். அங்கே சப்ளை அதிகாரி விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். வருகிற வியாழக்கிழமை இரண்டு தரப்பும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த வீட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஆலையிலிருந்து வந்த இருளம்மாள், வேலியோரம் மண்கட்டிகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தாள். ஓலை ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். குமிழ் ஒன்று உருண்டு போய் முருங்கை மரத்தடியில் கிடந்தது. சுவரில் கடப்பாரை சாத்தியிருந்தது. அதைக் கழுவி வைக்கக்கூட அய்யம்மாளுக்குத் தோன்றவில்லை.

வேலுசாமி தலையைச் சொறிந்துகொண்டு, "நான் சொன்னேந்தா, கேக்கமாட்டேன்னுட்டா" என்றான். அவன் சொல்லி எதைத்தான் அவள் கேட்டாள்? இருளம்மாளுக்குச் சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. மண்கட்டியைப் பொறுக்கி ஒரு ஓரமாகக் குவித்தாள். அன்றைக்குப் பிள்ளைக்கு ஊறவைத்த அவல்தான்.

வியாழக்கிழமை காலை இருளம்மாள் பிள்ளையோடும், அய்யம்மாள் வேலுசாமியோடும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். வேறு பஸ் ஏது? பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் தகர டப்பா மாதிரி ஒரு கொப்பரையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கிளீனர் இறங்கி இறங்கிக் கம்பியால் கிண்டிவிட்டுக்கொண்டே வந்தான். பஸ்ஸுக்குக்கூட அடுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் இல்லை என்று இருளம்மாள் நினைத்துக்கொண்டாள். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. இருளம்மாளும் அய்யம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள்.

சப்ளை ஆபீஸ் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. எதிரே ஒரு கடையில் அகன்ற சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அந்த வாசனையும் ஏறியது. மடியில் இருந்த சுந்தரம்மாள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். மேஜை நிறையத் தகராறு. அதிகாரி காலையிலிருந்து இருபது வீட்டு அடுப்பை விசாரித்து வெந்துபோய் இருந்தார். வாத்தியாரும் ரிஜிஸ்தரோடு வந்திருந்தார்.

"அம்மா, ஒரே வார்த்தையில் சொல்லு. நீ போட்டது அடுப்பா, தீயா?" என்றார் அதிகாரி.

"ஐயா, சோறு வேகுதான்னு கேளுங்க, வேகுது. எம்பிள்ளை திங்காளான்னு கேளுங்க, திங்கா. பேரு என்னங்கிறத மட்டும் எங்கிட்டக் கேக்காதிய" என்றாள் இருளம்மாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டு வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் எழுந்து நின்று, மண், குமிழ், வாய், கூரை என்று ஒப்பித்து, தீ என்று சூடம் அடித்த கதையையும் சொன்னார். வாசலில் நின்ற பியூன் சூசைக்கு வாய் அரித்தது.

"ஐயா, எங்க வீட்டுல கரிக் கும்மட்டி இருக்கு. கையில தூக்கிட்டுப் போகலாம். கூரை கிடையாது, இரும்புல செஞ்சது. அப்ப அது அடுப்பு இல்லையா?"

"உன்னை யார் கேட்டது?"

"சும்மா ஒரு சந்தேகம்தான்."

"கோலம் போட்டிருந்தா அடுப்புங்கய்யா" என்றான் வேலுசாமி, தானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அதிகாரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "சரி, இப்ப அது அங்க இருக்கா? நானே நாளைக்கு வந்து பார்த்துவிடுகிறேன்."

"இல்லீங்க" என்றார் வாத்தியார் மெல்ல.

"இல்லையா? அப்புறம் எதற்கு இத்தனை நேரம்? இல்லாத அடுப்புக்குக் கார்டு கொடுக்க முடியாது" என்று காகிதத்தை ஒதுக்கி வைக்கப் போனார்.

சூடத்துக்கும் பங்கம் வராமல், கார்டும் கிடைக்காமல், எல்லாம் இத்தோடு முடிந்தது என்று இருளம்மாள் நினைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அய்யம்மாள் அப்போது பேசாமல் இருந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். ஆனால் அவ்வளவு தூரம் பஸ்ஸைத் தள்ளி வந்துவிட்டு, தான் செய்த காரியத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் திரும்ப அவளால் எப்படி முடியும்?

"நாந்தான் இடிச்சேன்!" என்று முன்னால் வந்தாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "எதை இடிச்ச?"

"அடுப்பைத்தான். வேற எத?"

"தீன்னு இல்ல உங்க வீட்டுல சத்தியம் பண்ணியிருக்காங்க?"

"தீயை யாராச்சும் இடிப்பாகளா ஐயா? ஒரு செம்புத் தண்ணிய ஊத்துனா தீ தீந்துபோகுது. அவ என்ன லேசுலயா போட்டிருந்தா? கரம்பைய மிதிச்சு, சாணி பூசி, ஒவ்வொரு குமிழும் எம்புட்டுக் கனம்! கடப்பாரையால முழுசா ஒரு நாழிகை இடிச்சேன். கை ரெண்டும் கொப்புளம். இந்தா பாருங்க." உள்ளங்கைகளை மேஜைக்கு மேல் நீட்டினாள். "எங்க வீட்டுல தனி அடுப்புப் போட்டா நான் பாத்துக்கிட்டா இருப்பேன்?"

சூசை வாயைப் பொத்திக்கொண்டான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி அய்யம்மாளின் கையையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இடிக்கப்பட்டது, தனி அடுப்பு. மூத்தவள் வாக்குமூலப்படி."

அய்யம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது வேலுசாமியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி விழுங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எட்டு நாளைக்குள் அதே இடத்தில் அடுப்பை மறுபடி போட வேண்டும், வாத்தியார் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கார்டு என்று அதிகாரி சொன்னார். இருளம்மாள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அய்யனாரே அய்யம்மாளின் நாக்கில் வந்து உட்கார்ந்து தன் சத்தியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்றுதான் அவள் கடைசி வரைக்கும் நம்பினாள்.

ஐந்தாம் நாளே அடுப்பு எழும்பிவிட்டது. வாத்தியார் வந்து குமிழை எண்ணினார், கையெழுத்துப் போட்டார், புதுக் கார்டை நீட்டினார். குடும்பத் தலைவர் இருளம்மாள், நபர் இரண்டு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, வாத்தியாரை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு அவர் அய்யம்மாள் பக்கம் திரும்பி, ஒன்பது பேர் போட்ட பழைய கார்டைக் கேட்டு வாங்கி, குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சா பழசு ரத்து. உங்க ஏழு பேருக்குப் புதுக் கார்டு மதுரையிலேருந்து வரணும்."

"எப்ப வரும்?" என்றான் வேலுசாமி.

"வரும்" என்றார் வாத்தியார்.

முதல் இரண்டு நாள் இருளம்மாளுக்குத் திருவிழா. தானே கடைக்குப் போய், தானே வாங்கி, தன் ஆழாக்கில் தானே அளந்தாள், கோபுரம் வைத்து அளந்தாள். சுந்தரம்மாள் வயிறு முட்டத் தின்றுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். அந்தத் தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. மூன்றாம் நாள் ஆலையிலிருந்து வந்தபோது அய்யம்மாள் வீட்டுக் கூரையில் புகை இல்லை. நாலாம் நாளும் இல்லை. பக்கத்து வீட்டில் கிழங்கு அவித்துக் கொடுத்ததாகத் தெருவில் சொன்னார்கள். பிள்ளைகள் ஐந்து பேரும் முருங்கை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், இவள் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டாலாவது வைது விரட்டலாம். கேட்காமல் பார்க்கிற பிள்ளைகளை என்ன செய்வது?

இருளம்மாள் விடுவிடுவென்று வாத்தியார் வீட்டுக்குப் போனாள். "எனக்குக் கார்டு குடுத்தது சரி. அவ கார்டை எதுக்குய்யா பிடுங்குனிய?" என்று வாசலில் நின்று கத்தினாள். வாத்தியார் விதியை எடுத்துச் சொன்னார். அன்னாள் அடுப்படியிலிருந்து வந்து, "இவிய விதியை ஒரு நாளு சட்டியில போட்டு வேக வச்சுக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு படி சோளத்தை இருளம்மாள் முந்தானையில் கொட்டினாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் இருளம்மாள் முனகிக்கொண்டே வந்தாள். அதிகாரியை வைதாள், மதுரையை வைதாள், மூன்று குமிழையும் வைதாள். இவளுக்கு எதற்கு நான் பொங்க வேண்டும், கடப்பாரையால் இடித்தவளுக்கு நான் ஏன் பொங்க வேண்டும் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே பெரிய பானையை எடுத்தாள். தன் இரண்டு பேர் அரிசியையும் அன்னாள் கொடுத்த சோளத்தையும் போட்டு, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, தண்ணீரைத் தாராளமாக விட்டாள். பானை குமிழ்களின் மேல் ஆடாமல் உட்கார்ந்தது.

"ஏலே, வட்டிலை எடுத்துட்டு வாங்க எல்லாரும்!" என்று கத்தினாள்.

ஐந்தும் பாய்ந்து வந்தன. வேலுசாமி தயங்கித் தயங்கி வந்தான். அய்யம்மாள் மட்டும் வரவில்லை. இருளம்மாள் வாசலுக்கே போய் நின்றாள்.

"எக்கா, என் அடுப்புச் சோறு ஒன் தொண்டையில எறங்காதோ? வந்து தின்னு தொலை."

அய்யம்மாள் வந்தாள். வந்து, அந்த ஓலைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாயை அள்ளிப் போட்டு மென்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பையும் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்லா? ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு போதும்னு. எங்க கேட்ட?" என்றாள்.

இருளம்மாள் கையில் அகப்பை இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்து, உச்சந்தலையைப் பார்த்து ஓங்கி ஒன்று போட்டால் என்ன என்றுதான் அவளுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வட்டிலை நீட்டு" என்றாள்.